அரசாங்கம் மாறினால்

அன்ரியோடு பழகிய முதல் மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து மறுப்பாக 'இல்லை' என்றோ 'மாட்டன்' என்றோ ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அந்த இடத்தில் ஒரு 'ஆல்' வரும். "பசிச்சால் சாப்பிடுறன்." "நேரம் கிடைச்சால் வாறன்." "முழங்கால் விட்டால் கோயிலுக்குப் போகலாம்." தொடக்கத்தில் இவற்றையெல்லாம் நான் வாக்குறுதி என்று நம்பினேன். அவருக்கென்று புட்டு அவித்து, மூடி வைத்து, காய்ந்துபோன புட்டை நானே தின்றேன். பிறகுதான் விளங்கியது, அன்ரி 'ஆல்' போட்டால் அந்தக் கதை அத்தோடு சரி என்று.

ஒருமுறை காப்புறுதி விற்கிற பெடியன் ஒருவன் வந்தான். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் காப்புறுதி விற்காத தமிழ் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த காலம் அது. நல்ல யூலை வெயிலில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, வியர்த்து வடிய, அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். அன்ரி முழுவதையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "மழை விட்டால் வாங்கோ தம்பி, ஆறுதலாய்க் கதைப்பம்" என்றார். அவன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். ஒரு முகில் இல்லை. காரில் ஏறுமுன் இன்னொருதரம் பார்த்தான்.

"அவனுக்கு நேரே சொல்லியிருக்கலாமே அன்ரி" என்றேன்.

"முகத்துக்கு நேரே 'நோ' சொல்லுறது எங்கட நாட்டிலை மரியாதை இல்லைப் பிள்ளை. ஆஸ்பத்திரியிலை பெரிய நேஸ்மாரைப் பாக்கோணும். 'பாப்பம், பாப்பம்' எண்டுதான் சொல்லுவினம். அதை நம்பினவை சாகுமட்டும் பாத்துக்கொண்டுதான் இருந்தவை."

'எங்கட நாடு' என்று அன்ரி சொன்னால் அது யாழ்ப்பாணமும் இல்லை, கனடாவும் இல்லை. இங்கிலாந்து. ஏறக்குறைய முப்பது வருஷம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்தவர். அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவர். தம்பியின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு என்று கணவரோடு ரொறன்ரோ வந்தவர், திரும்பிப் போகாமல் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த வீட்டுப் பேஸ்மென்றில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். நான் விடியற்புறம் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய்ப் பின்னேரம் வந்துவிடுவேன். நான் வரும் சத்தம் கேட்டதும் அன்ரி படியிறங்குவார். பேஸ்மென்றுக்கு இறங்குவதற்கும் கார்டிகன் போட்டு, கையில் கைப்பையைக் கொழுவிக்கொண்டுதான் வருவார்.

அவரோடு பஸ்ஸுக்கு நிற்பது தனி அனுபவம். தரிப்பில் வேறு ஒரு சனமும் இல்லாவிட்டாலும் அன்ரி கியூவில்தான் நிற்பார். தனி ஆளாக. பிறகு வந்து அவருக்கு முன்னால் நிற்கும் ஆட்களிடம், "சொறி, கியூ முடியிற இடம் எனக்குப் பின்னாலை" என்று இங்கிலீசில் சொல்வார். உயரமான கறுப்பினப் பெடியங்கள், பின்பக்கம் திருப்பித் தொப்பி போட்டவர்கள், ஒரு சொல் பேசாமல் பின்னால் போய் நிற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கோடைகாலத்தில் அந்தத் தரிப்பில் ஒழுங்கான கியூ ஒன்று உருவாகியிருந்தது. அன்ரி ஒரு நாள் வராவிட்டால் எல்லாரும் பழையபடி முண்டியடிப்பார்கள்.

அவர் லண்டனை விட்ட கதையை எல்லாரும் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார்கள். அவர் கணவர், எங்களுக்கு லண்டன் அங்கிள், கணக்கியல் படிக்கப் போய் இடைநடுவில் விட்டுத் தபால் கந்தோரில் வேலை எடுத்தவர். அப்போது ஆண்டுகொண்டிருந்த கட்சியின் பக்தர். அதன் நிறம் நீலம். நகரசபை வாடகை வீட்டைச் சொந்தமாக வாங்க அவர்கள்தான் வழி விட்டார்கள் என்பது அங்கிளின் நன்றிக்கடன். அன்ரி சிவப்புக் கட்சி. ஆஸ்பத்திரிச் சமையலைத் தனியார் கையில் கொடுத்து, கூட வேலை செய்த பெண்களை வீட்டுக்கு அனுப்பி, நோயாளிகளுக்கு வான் வண்டியில் உறைந்த சோறு கொண்டுவந்தது நீலக்கட்சிதான் என்பது அவருடைய கணக்கு. தேர்தல் வந்தால் அந்த வீட்டின் கீழ் யன்னலில் நீலச் சுவரொட்டி, மேல் யன்னலில் சிவப்பு. வோட்டுக் கேட்டு வந்த இரண்டு கட்சிக்காரரும் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்களாம்.

சாமத்தியவீடு முடிந்து விமான நிலையத்துக்குப் புறப்படும் நேரம். அங்கிள் இருவரின் சூட்கேசையும் தானே அடுக்கி வாசலில் வைத்துவிட்டு "வெளிக்கிடும்" என்றார். வீடு நிறையச் சொந்தக்காரர். அன்ரி சோபாவில் இருந்தபடி, கார்டிகன் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "நீங்கள் போங்கோ. அரசாங்கம் மாறினால் நான் வாறன்" என்றார்.

நீலக்கட்சி ஆளத் தொடங்கியபோது பிறந்த குழந்தைகள் வோட்டுப் போடும் வயதுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் அரசாங்கம் மாறும் என்று அப்போது எவரும் நம்பவில்லை. ஆகவே அது ஒரு தரமான 'ஆல்'. எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. முப்பது வருஷம் கூட இருந்த அங்கிளுக்கு மட்டும் விளங்கவில்லை. பகிடி என்று சிரித்துவிட்டு விமானம் ஏறினார்.

அதன்பின் அந்த வசனம் எங்கள் தெருவில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. வாசலில் பனி வழிக்கச் சொன்னால் என் கணவர் "அரசாங்கம் மாறினால் வழிக்கிறன்" என்பார். பிள்ளைகள் கணக்குச் செய்வதையும் அரசாங்கம் மாறும்வரை ஒத்திவைத்தார்கள். இடையில் எங்கள் ஒன்ராறியோவிலும் ஒரு அரசாங்கம் மாறியது. அன்ரியின் தம்பி குறும்பாக, "அக்கா, மாறிட்டுது, சூட்கேசை எடுக்கட்டோ?" என்றார். "உது மாகாணம்" என்று சொல்லிவிட்டு அன்ரி தேத்தண்ணியில் வாயை வைத்தார்.

லண்டன் அங்கிள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். ஒரு வருஷம் கழிந்ததும் அவருக்கு விஷயம் உறைத்திருக்க வேண்டும். தன் கட்சி உடைந்துகொண்டிருக்கும் செய்தியை அவரே மகிழ்ச்சியோடு அறிவிக்கத் தொடங்கினார். "இடைத்தேர்தலிலை இன்னொரு இடமும் போயிட்டுது, இஞ்சேரும்." "மந்திரி ஒருத்தரும் ராஜினாமாவாம்." சொந்தக் கட்சி தோற்பதை இவ்வளவு ஆசையாக எதிர்பார்த்த தொண்டன் அந்த நாட்டிலேயே இருந்திருக்க மாட்டான். அன்ரி எல்லாவற்றுக்கும் "பாப்பம்" என்பார்.

பிறகு அந்த மே மாதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், இரவல் வாங்கிய இடியப்ப உரலைத் திருப்பிக் கொடுக்க மேலே போயிருந்தேன். போன் அடித்தது. அன்ரியின் தம்பி வழமைபோல எல்லாருக்கும் கேட்கும் பொத்தானை அமத்தினார்.

"இஞ்சேரும், கவிண்டிட்டுது" என்றது அங்கிளின் குரல். "நாங்கள் வெண்டிட்டம்."

"நாங்கள் எண்டால் ஆர்?" என்று அன்ரி கேட்டார்.

"நீர்தான். நானும்தான். இந்தமுறை நானும் சிவப்புக்குத்தான் போட்டனான். எப்ப வாறீர்?"

அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் வோட்டுப் போட்ட கட்சி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு வென்றிருக்கிறது. வென்ற முகமா அது? பஸ்ஸைத் தவறவிட்ட ஆளின் முகம். தோற்ற அங்கிளோ போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அன்ரி கொஞ்ச நேரம் மேசைவிரிப்பைத் தடவினார். "இப்பதானே மாறியிருக்கு. சரியாய் மாறினால் பாப்பம்" என்றார்.

மறுநாள் தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் "என்னக்கா புதினம்?" என்று கேட்க, நானும் வாய் சும்மா இராமல், "அரசாங்கம் மாறிட்டுது, அதுதான் எங்கட வீட்டிலை ஒரே குழப்பம்" என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார். "எப்ப? ரேடியோவிலை ஒண்டும் சொல்லேல்லையே." ஒருவர் கொழும்புக்கு அடிக்கவென்று வெளியே போன் பெட்டிக்கு ஓடினார். நான் லீக்ஸ் எடுத்துத் திரும்புவதற்குள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள். வயதான ஒருவர் என் கையைத் தொட்டு, "அப்ப சண்டையிலை மூடின யாழ்ப்பாணப் பாதையைத் திறப்பினமோ பிள்ளை?" என்று கேட்டார். நான் லண்டனில் மாறிய அரசாங்கத்தைப் பற்றிச் சொன்னேன். "லண்டனிலையோ" என்றார். திரும்பிப் போய்க் கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு அந்த இடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் அன்ரி நூலகத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே லண்டன் பத்திரிகைகள் சில நாள் பிந்தி வரும். அரசாங்கம் உண்மையில் மாறவில்லை என்று நிறுவுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. பின்னேரம் வந்து அறிக்கை வாசிப்பார். "வரி கூட்டமாட்டினமாம். அவன் சொன்னதைத்தான் இவனும் சொல்லுறான்." "படிக்கிற பிள்ளையளிட்டைக் காசு கேக்கப் போகினமாம். இதுக்கோ நாங்கள் வோட்டுப் போட்டது?" "றெயினும் அதேமாதிரிப் பிந்தித்தான் வருதாம்."

ஒருநாள், "அங்கை ஒரே மழையாம்" என்றார்.

"மழைக்கு அரசாங்கம் என்ன செய்யிறது அக்கா?" என்றார் தம்பி.

"முந்தியும் உப்பிடித்தான் பெய்தது" என்றார் அன்ரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் யுத்தம். நீலத்தில் ஊறிய அங்கிள் சிவப்பு அரசாங்கத்துக்காக வாதாடினார். "கொஞ்சம் அவகாசம் குடும், இப்பதானே வந்தவை. ஆஸ்பத்திரியெல்லாம் திருத்துவினம்." சிவப்பிலேயே நரைத்த அன்ரி அதைக் கிழித்துப் போட்டார். கட்சி மாறிய இருவரும் மாறியது தெரியாமல் சண்டை பிடித்தார்கள். நாங்கள் வடையும் தேத்தண்ணியுமாகச் சுற்றி இருந்து கேட்போம். எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அன்ரியின் வாதம் மெலிந்துகொண்டு வந்தது. சொன்ன சொல்லைச் சொந்தக்காரர் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். தம்பியின் மனைவியும் நாசூக்காக, "அத்தான் பாவம், தனியச் சமைச்சுச் சாப்பிடுறார்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அன்ரி போகத்தான் வேண்டும் என்று தெருவே தீர்மானித்துவிட்டது.

உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் என் பேஸ்மென்றில்தான் இருந்தது. ஒருநாள் அன்ரி தோய்த்த காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தபோது நேரே கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ அன்ரி. உங்களுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லைத்தானே?"

"ஆரும் கேட்டால்தானே பிள்ளை சொல்லலாம்" என்றார். வழமையான 'ஆல்' என்று நினைத்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. "அவரைக் கூடாத மனிசன் எண்டு நினையாதை. கை நீட்டினதில்லை. குடியும் இல்லை. ஆனா என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. சொல்லுவார். வீடு வாங்கியாச்சு எண்டு சொல்லுவார். ரிக்கற் போட்டாச்சு எண்டு சொல்லுவார். நான் வாய் திறந்தால் ரீவியை உரத்து விடுவார். ஒருநாள், வேலையாலை நிப்பாட்டின பெட்டையளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறன். நியூஸிலை மந்திரி வந்திட்டார். 'பொறும், அந்தாள் என்ன சொல்லுது எண்டு கேப்பம்' எண்டு ரிமோட்டை எடுத்தார். அண்டைக்கு நினைச்சன். மந்திரி சொல்லுறதைக் கேப்பார், நான் சொல்லுறதைக் கேக்கமாட்டார். கேக்கிறதெண்டால் ரெண்டும்தான் பிள்ளை, காதாலை கேக்கிறதும் வாயாலை கேக்கிறதும். ரெண்டையும் செய்யேல்லை."

"இதை அவருக்குச் சொன்னியளோ?"

"அவருக்கு எப்பிடிக் கேக்கும்? ரீவி உரத்தெல்லோ போகுது."

ஒற்றைக் காலுறை ஒன்று மிஞ்சியது. அதைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு இயந்திரத்துக்குள் தலையை விட்டுக் கனநேரம் நின்றார். எனக்கு முகம் தெரியாத அந்த மந்திரிமேல்கூடக் கோபம் வந்தது. அன்றிலிருந்து அன்ரியை யாரும் பகிடி பண்ணினால் நான் சேர்ந்து சிரிப்பதில்லை. கொஞ்சமாகத்தான் சிரித்தேன்.

இலை உதிரும் காலத்தில் அங்கிள் வந்து இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல். தொழிற்சாலையால் வந்த என்னைத் தம்பியின் மனைவி, முட்டை வைத்த மிதிவெடி ரோல்ஸ் பொரிக்க ஆள் வேண்டும் என்று மேலே கூப்பிட்டார். பொரிக்க இல்லை, சாட்சிக்கு என்று எனக்குத் தெரியும். அங்கிள் கோட்டைக் கழற்றாமல் சோபாவில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். சட்டையின் கழுத்துப் பட்டி அழுத்தப்படாமல் சுருண்டிருந்தது. ரீவி போய்க்கொண்டிருந்தது. எதிரே அன்ரி நின்றார்.

"அரசாங்கம் மாறிட்டுது" என்றார் அங்கிள். "அஞ்சு மாசமாய்ப் போச்சு. நீர் எல்லாருக்கும் முன்னாலை சொன்ன சொல்லு இருக்கு. சனிக்கிழமைக்கு ரெண்டு ரிக்கற் போட்டாச்சு. வெளிக்கிடும்."

நாங்கள் எல்லாரும் 'ஆல்'லுக்காகக் காத்திருந்தோம். கையில் எண்ணெய்க் கரண்டியோடு நான் மனதுக்குள் சில 'ஆல்'களைத் தயாரித்தும் பார்த்தேன். குளிர் விட்டால். முழங்கால் சுகப்பட்டால். தம்பியின் மகளுக்குக் கலியாணம் முடிந்தால்.

"மாட்டன்" என்றார் அன்ரி.

உரக்கக்கூட இல்லை. அந்தச் சொல்லைப் புதிதாகப் பழகுகிறவர் போல ஒருமுறை நிறுத்தி, "நான் வரமாட்டன்" என்று முழுதாகவும் சொன்னார். அங்கிளின் கை தன்பாட்டில் சோபாவைத் தடவி ரிமோட்டைத் தேடியது. அது அங்கே இருக்கவில்லை. அந்த வீட்டில் ரிமோட் எப்போதும் அன்ரியின் கார்டிகன் பையில்தான் இருக்கும். அன்ரி அதை எடுத்து ரீவியை நிற்பாட்டினார். பிறகு குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

அன்ரி கேத்திலில் தண்ணீர் பிடித்தார். வாங்கி நான் அடுப்பில் வைத்தேன். அங்கிள் எழும்பிப் போய்விட்டாரோ என்று நினைத்தேன். அப்போது அவர் குரல் கேட்டது. போனில் கேட்ட குரல் இல்லை. வயது போன குரல்.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

அன்ரி என் பக்கம் குனிந்தார். பிறகு என் காதுக்குள், "பிள்ளை, உது என்னட்டையோ கேட்டவர்?" என்றார்.

"ஓம் அன்ரி. உங்களிட்டைத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணால் வழிந்தது. கார்டிகன் கையால் துடைத்தார்.

"என்ன சொல்லப் போறியள்? இஞ்சை இருக்கச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"சொல்லுவம். நான் முப்பது வருஷம் காத்துக்கொண்டிருந்தனான். அவர் அந்தச் சோபாவிலை கொஞ்சம் இருக்கட்டும்."

கோப்பையில் முதலில் பாலை விட்டு, பிறகு தேயிலைச் சாயத்தை விட்டார். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. குசினிக்குள் நின்றபடியே குடித்தோம். அன்ரி ஆறுதலாக, ஊதி ஊதிக் குடித்தார். சோபாவில் இருந்தபடி அங்கிள் செருமினார்.

"இஞ்சேரும், நான் கேட்டது கேட்டதோ?"

அன்ரி என்னைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்தினார். "ரெண்டு கேள்வி" என்று சத்தம் வராமல் வாயை அசைத்துவிட்டு, தனக்கு இன்னும் அரைக் கோப்பை ஊற்றினார்.